அளத்தல், மதிப்பிடல், முன்கணித்தல்: லித்தியம் அயனி மின்கலங்களின் அறிவார்ந்த மேலாண்மை



மொழி மன்றத்தின் பொதுச் சொற்பொழிவு வரிசையில் மின்கலத்தைப் பற்றி ஓர் உரை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கான விடையை உரையின் பிற்பகுதியில் கூறுவோம். முதலில் ஒரு கேள்வியோடு தொடங்குவோம்.

இந்த அரங்கில் உள்ள ஏறத்தாழ அனைவரிடமும் ஒரு கைப்பேசி இருக்கிறது. அதன் திரையின் மேல்மூலையில் ஓர் எண் தெரிகிறது. அது 62 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்த 62ஐ அளந்தது யார்? எந்தக் கருவியால் அளந்தார்கள்? எரிபொருள் கலனுக்குள் ஒரு மிதவை இருக்கும். எண்ணெய் இறங்கினால் மிதவையும் இறங்கும்; முள் அதைக் காட்டும். மின்கலத்திற்குள் அத்தகைய மிதவை ஏதும் இல்லை. எஞ்சியுள்ள மின்னேற்றத்தை நேராக அளந்து சொல்லும் உணரி எதுவும் கைப்பேசியில் கிடையாது. 62 என்பது அளந்து அறிந்த எண் அன்று; மதிப்பிட்டுச் சொன்ன எண்.

இந்த வேறுபாடே இன்றைய உரையின் மையம். மின்கலத்தை ஆளும் அமைப்பு, தான் காண இயலாத ஒன்றைப் பற்றி ஓயாமல் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. எனவே அறிவார்ந்த மேலாண்மை அமைப்பு என்பது நிறையக் கணக்கிடும் அமைப்பு மட்டுமன்று; தன் மதிப்பீட்டில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் அறிந்து நடக்கும் அமைப்பு என்பதே நாம் முன்வைக்கும் கருத்து.

மின்கலத்தின் உள்ளே

லித்தியம் அயனி மின்கலத்தின் வரலாறு மூவரின் உழைப்பில் வேரூன்றியது. 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹம், லித்தியம் அயனிகள் ஒரு திண்மத்தின் அடுக்குகளுக்கிடையே புகுந்து வெளிவரும் முறையைக் கொண்டு மின்கலம் அமைக்கலாம் என்று காட்டினார். 1980இல் ஜான் குடினஃப் தலைமையிலான குழு, லித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர்மின்வாயாகப் பயன்படுத்தி உயர்ந்த மின்னழுத்தம் பெறும் வழியை அறிவித்தது. 1985இல் ஜப்பானின் அகிரா யோஷினோ, தூய லித்தியம் உலோகத்தை விலக்கி, கரிமப் பொருளை எதிர்மின்வாயாகக் கொண்ட பாதுகாப்பான மாதிரியை உருவாக்கினார். 1991இல் சோனி நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு இம்மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்போது குடினஃபின் வயது 97.

இம்மின்கலத்தின் செயல்பாடு எளியது. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்மின்வாயை விட்டு மின்பகுபொருளைக் கடந்து எதிர்மின்வாயிலுள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் குடியேறுகின்றன. பயன்படுத்தும்போது அதே வழியில் திரும்புகின்றன. இரு மின்வாய்களும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவே ஒரு மெல்லிய பிரிப்பான் இருக்கிறது.

செயல்பாடு எளியது எனினும் அதன் எல்லைகள் குறுகியவை. பரவலாகப் பயன்படும் ஒரு கலத்தை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினால் நேர்மின்வாயும் மின்பகுபொருளும் சிதையத் தொடங்கும். ஏறத்தாழ 2.5 வோல்ட்டுக்குக் கீழே வெகுவாக இறக்கினால் உள்ளிருக்கும் தாமிரத் தகடு கரையத் தொடங்கும். உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால், அயனிகள் கிராஃபைட்டுக்குள் புகாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். வெப்பம் மிகுந்தாலோ கலம் விரைந்து முதுமையடையும். இந்த எல்லைகளுக்குள் கலத்தை வைத்திருப்பதே மேலாண்மை அமைப்பின் முதற்கடமை.

கைப்பேசியில் பெரும்பாலும் ஒரே ஒரு கலம்தான் இருக்கும். மின்வாகனத்தின் நிலை வேறு. 400 வோல்ட் தேவையெனில், கலத்துக்கு 4.2 வோல்ட் வீதம் ஏறத்தாழ 96 கலங்களைத் தொடராக இணைக்க வேண்டும். பாலர் பள்ளிக் குழந்தைகள் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த வரிசையின் வேகம் மிக மெதுவாக நடக்கும் குழந்தையின் வேகமே. தொடராக இணைந்த கலங்களும் அவ்வாறே. 95 கலங்களில் மின்னேற்றம் எஞ்சியிருந்தாலும், ஒன்று தீர்ந்துவிட்டால் முழுத் தொகுதியையும் நிறுத்தியாக வேண்டும். மின்னேற்றும்போது ஒன்று முதலில் நிரம்பிவிட்டால், மற்றவை நிரம்பும் முன்பே நிறுத்தியாக வேண்டும்.

ஆகவே மேலாண்மை அமைப்பு ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே கண்காணிக்கிறது. மிகுதியாக ஏறிய கலத்தின் மின்னேற்றத்தை ஒரு மின்தடையின் வழியாக வெப்பமாக வெளியேற்றிச் சமன் செய்கிறது. சில அமைப்புகள் அதனை வீணாக்காமல், குறைந்த கலத்திற்கு மாற்றியும் கொடுக்கின்றன.

கணக்கேடும் கையிருப்பும்

இனி நம் 62 விழுக்காட்டுக்கு வருவோம். மேலாண்மை அமைப்பு உண்மையாகவே அளப்பவை முதன்மையாக மூன்று: மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை. எஞ்சிய மின்னேற்றத்தை இந்த மூன்றிலிருந்தே அது உய்த்துணர வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒரு மளிகைக்கடையை எண்ணிப் பார்ப்போம். கிடங்கில் எத்தனை மூட்டை அரிசி இருக்கிறது என்பதை அறிய, வரவையும் செலவையும் கணக்கேட்டில் எழுதிக் கழித்துப் பார்ப்பது முதல் வழி. மின்கலத்திலும் உள்ளே சென்ற மின்னோட்டத்தையும் வெளியே வந்த மின்னோட்டத்தையும் நொடிதோறும் கூட்டிக் கழிக்கலாம். ஆனால் கணக்கேட்டில் நேரும் சிறு பிழை நாள்தோறும் பெருகும். 50 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஒரு கலத்தை எடுத்துக்கொள்வோம். மின்னோட்ட உணரி எப்போதும் 0.1 ஆம்பியர் மிகுத்துக் காட்டுகிறது எனில், 24 மணி நேரத்தில் 2.4 ஆம்பியர்-மணி பிழை சேரும். அது கொள்ளளவில் ஏறத்தாழ 5 விழுக்காடு. திருத்தாமல் விட்டால் பத்தே நாளில் பிழை பாதிக் கொள்ளளவை எட்டிவிடும்.

கிடங்கின் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பது இரண்டாம் வழி. மின்கலம் நெடுநேரம் ஓய்வில் இருந்தால், அதன் மின்னழுத்தம் மின்னேற்ற நிலையைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஓய்வு கிடைப்பதில்லை. மேலும், மின்வாகனங்களில் இன்று பெரிதும் பயன்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலத்தில் இந்த வழி மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதைப் போன்றது. 20 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடு வரை மின்னேற்றம் மாறினாலும், ஓய்வுநிலை மின்னழுத்தம் மொத்தத்தில் ஏறத்தாழ 0.1 வோல்ட் அளவே மாறுகிறது. அங்கே மின்னழுத்தத்தை அளப்பதில் நேரும் சிறு பிழை, மின்னேற்ற மதிப்பீட்டில் பெரும்பிழையாகிவிடும்.

முதல் வழி விரைவானது. ஆனால் நாளாக நாளாக விலகிச் செல்வது. இரண்டாம் வழி விலகிச் செல்லாதது, ஆனால் தெளிவற்றது. இரண்டையும் எவ்வாறு இணைப்பது? ருடால்ஃப் கால்மன் என்னும் பொறியாளர் 1960இல் வெளியிட்ட கணித முறை இதற்கு வழிகாட்டியது. விண்கலத்தின் இருப்பிடத்தை மதிப்பிட அப்பல்லோ திட்டத்தில் பயன்பட்டது அம்முறை. 2004இல் கிரெகரி பிளெட் என்னும் ஆய்வாளர், அதன் விரிவாக்கப்பட்ட வடிவத்தை மின்கலத் தொகுதிகளுக்குப் பொருத்தி விரிவான கட்டுரைகளை வெளியிட்டார்.

அதன் கருத்து நம் கடைக்காரருக்கும் புரியக்கூடியது. கணக்கேட்டின்படி இப்போது இவ்வளவு இருக்க வேண்டும் என்று முதலில் எதிர்பார்க்கிறோம். பிறகு கிடங்கை எட்டிப் பார்க்கிறோம். இரண்டும் வேறுபட்டால், எதன்மீது எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதற்கேற்ப மதிப்பீட்டைத் திருத்துகிறோம். இங்கே நாம் உற்று நோக்க வேண்டியது ஒன்று உண்டு. கால்மன் முறை ஒரு விடையை மட்டும் தருவதில்லை. அந்த விடை எவ்வளவு ஐயத்திற்குரியது என்பதையும் கூடவே கணக்கிடுகிறது. 62 என்று மட்டும் அது சொல்வதில்லை. 62, மூன்று கூடலாம் அல்லது மூன்று குறையலாம் என்கிறது. திரையில் நமக்குக் காட்டப்படுவது முதல் பாதி மட்டுமே.

முதுமையை முன்கணித்தல்

மின்னேற்றம் எவ்வளவு என்பது இன்றைய வினா. கலம் இன்னும் எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பது நாளைய வினா. அது இதனினும் கடினமானது.

கலம் புதிதாக இருக்கும்போதே கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. அப்படலம் இல்லையேல் மின்கலம் நிலைத்திருக்காது. ஆனால் அது மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டே போகிறது. தடிக்கும்போதெல்லாம் சிறிதளவு லித்தியத்தை உண்டு தீர்க்கிறது. வெப்பம் கூடினால் படலம் விரைந்து வளரும். மின்னேற்றம் முழுமையாக இருக்கும் நிலையில் நெடுநாள் வைத்திருந்தாலும் முதுமை விரையும். ஆண்டு முழுவதும் வெயிலும் புழுக்கமும் நிறைந்த சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இது ஏட்டுச் செய்தியன்று.

2019இல் ஸ்டான்ஃபர்ட், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள், டொயோட்டா ஆய்வு நிறுவனத்துடன் இணைந்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். 124 லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலங்களை அவர்கள் மீண்டும் மீண்டும் விரைவாக மின்னேற்றி இறக்கினர். சில கலங்கள் ஏறத்தாழ 150 சுழற்சிகளில் ஓய்ந்தன. சில 2,300 சுழற்சிகள் வரை உழைத்தன. கொள்ளளவு குறையத் தொடங்குவதற்கு முன்னரே, முதல் 100 சுழற்சிகளின் தரவை மட்டும் கொண்டு, ஒவ்வொரு கலத்தின் ஆயுளையும் ஏறத்தாழ 9 விழுக்காடு சராசரிப் பிழையுடன் அவர்களால் முன்கணிக்க முடிந்தது. இயந்திரக் கற்றல் இத்துறையில் வேரூன்றுவதற்கு அந்த ஆய்வு பெருந்துணையாயிற்று.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. அந்தக் கலங்கள் 30 பாகை செல்சியசில் நிலைநிறுத்தப்பட்ட ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டவை. நம் வண்டிகளோ நண்பகலில் வெயிலிலும் இரவில் மழையிலும் நிற்பவை. ஒரு நாள் மெதுவாகவும் மறுநாள் விரைவாகவும் மின்னேற்றப்படுபவை. தான் கற்ற பாடத்திற்கு வெளியே ஒரு நிலைமை வரும்போது, கற்றல் முறை தயக்கமின்றித் தவறான விடையைச் சொல்லக்கூடும். தேர்வில் தெரியாத வினாவுக்கும் அஞ்சாமல் விடை எழுதும் மாணவரை ஆசிரியர்கள் அறிவர். இயற்பியல் விதிகளையும் தரவிலிருந்து கற்றதையும் இணைத்து, அறியாத இடத்தில் தயங்கவும் தெரிந்த அமைப்பே நமக்குத் தேவை.

காண இயலாத குறை

இந்தத் தயக்கம் ஏன் முக்கியம்? 2013 ஜனவரி 7ஆம் நாள், அமெரிக்காவின் போஸ்டன் விமான நிலையத்தில் தரையிறங்கி நின்றிருந்த போயிங் 787 விமானம் ஒன்றின் துணை மின்னாக்கிக்கான மின்கலத் தொகுதி தீப்பற்றியது. பயணிகள் அதற்குள் இறங்கிவிட்டிருந்தனர். ஒன்பது நாள் கழித்து, ஜப்பானில் மற்றொரு 787 விமானம் மின்கலக் கோளாற்றால் அவசரமாகத் தரையிறங்கியது. அவ்வகை விமானங்கள் அனைத்தும் பல வாரங்கள் பறக்காமல் நிறுத்தப்பட்டன. போஸ்டன் நிகழ்வை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், எட்டுக் கலங்களில் ஒன்றினுள் ஏற்பட்ட உட்குறுக்குச் சுற்றே காரணமாக இருக்கக்கூடும் என்று முடிவு செய்தது. அந்த ஒரு கலத்தின் வெப்பம் அடுத்தடுத்த கலங்களுக்கும் பரவியது.

அத்தொகுதியிலும் கண்காணிப்புக் கருவி இருந்தது. ஆனால் கலத்தினுள் உருவாகும் குறையை வெளியிலிருந்து மின்னழுத்தத்தைக் கொண்டு அறிவது அரிது. பிரிப்பான் சிதைந்து வெப்பம் கட்டுமீறத் தொடங்கிய பின்னர், மின்னோட்டத்தைத் துண்டித்தாலும் பயனில்லை. கலம் தன் வேதிவினையாலேயே தன்னைச் சூடாக்கிக்கொள்ளும்.

ஆகவே இன்றைய ஆய்வுகள் குறையின் முதல் அறிகுறியைத் தேடுகின்றன. ஒரே தொகுதியில் உள்ள கலங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது ஒரு வழி. அக்கம்பக்கத்துக் கலங்களைவிட ஒன்று மட்டும் ஓய்விலும் சற்று விரைவாக மின்னேற்றம் இழந்தால், சமன்செய்யும் பதிவில் அது வாரக்கணக்கில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கலம் கசியும் வாயுவை நுகரும் உணரியும், கலம் வீங்குவதால் எழும் அழுத்தத்தை உணரும் உணரியும் வேறு வழிகள். பல அலைவெண்களில் சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி, அகத்தடையின் மாற்றத்தைப் படிப்பதும் உண்டு. இவற்றுள் எதுவும் தனித்து முழுமையான சான்றாகாது. பல அறிகுறிகளைச் சேர்த்து எடைபோட வேண்டும். ஐயம் கூடினால் முன்னதாகவே விலகி நிற்க வேண்டும்.

எச்சரிக்கைக்கும் ஒரு விலை உண்டு. அளவுக்கு மீறி அஞ்சும் அமைப்பு, பயன்படுத்தக்கூடிய மின்னேற்றத்தைப் பூட்டி வைக்கும். அதனால் வண்டிக்குப் பெரிய தொகுதி தேவைப்படும். எடையும் விலையும் ஏறும். காரணமின்றி அடிக்கடி ஒலிக்கும் எச்சரிக்கையை மக்கள் விரைவில் செவிமடுக்காமல் விட்டுவிடுவர். ஆகவே பிழையின் அளவைச் சரியாக அறிவது பாதுகாப்புக்கும் சிக்கனத்திற்கும் ஒருங்கே உதவுகிறது.

நம் வீட்டு வாசலில்

இவை தொலைவிலுள்ள செய்திகள் அல்ல. சிங்கப்பூரில் தனிநபர் நடமாட்டச் சாதனங்கள் வீட்டுக்குள் மின்னேறும்போது தீப்பற்றிய நிகழ்வுகளை நாம் மறந்திருக்க மாட்டோம். 2020 ஜூலை 1 முதல், யூஎல் 2272 தரச்சான்று இல்லாத மின்ஸ்கூட்டர்களைப் பொதுப் பாதைகளில் ஓட்டுவது குற்றமாக்கப்பட்டது. அச்சான்று மின்கலத்தை மட்டும் தனியே சோதிப்பதன்று. மின்கலம், மின்னேற்றி, மின்சுற்று ஆகிய அனைத்தையும் ஒரே அமைப்பாகச் சோதிப்பது. இரவில் கண்காணிப்பின்றி மின்னேற்ற வேண்டா, வெளியேறும் வழியில் வைத்து மின்னேற்ற வேண்டா, பொருந்தாத மின்னேற்றியைப் பயன்படுத்த வேண்டா என்று குடிமைத் தற்காப்புப் படை தொடர்ந்து அறிவுறுத்துகிறது. அந்த அறிவுரைகளின் பொருள் இப்போது நமக்கு விளங்கும். மேலாண்மை அமைப்பு காண இயலாத குறை ஒன்று கலத்தினுள் இருக்கக்கூடும் என்பதே அவற்றின் அடிப்படை.

மறுபுறம், 2023இல் ஜூரோங் தீவில் 285 மெகாவாட்-மணி கொள்ளளவுள்ள மின்சேமிப்பு நிலையம் திறக்கப்பட்டது. வெயிலும் மேகமும் மாறிமாறி வரும் தீவில் சூரிய மின்சாரத்தைச் சீராக்க அத்தகைய நிலையங்கள் வேண்டும். கைப்பேசியின் ஒற்றைக் கலத்திற்குரிய அதே வினாக்கள், அங்கே எண்ணற்ற கலங்களுக்கு ஒருசேர எழுகின்றன.

பயனாளருக்கு உண்மையைச் சொல்லும் கடமையும் சட்டமாகி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய மின்கல ஒழுங்குமுறை, மேலாண்மை அமைப்பிலுள்ள உடல்நிலைத் தரவைப் பார்க்கும் உரிமையை மின்கலத்தை வாங்கியவருக்கு வழங்குகிறது. 2027 பிப்ரவரி முதல் மின்வாகன மின்கலங்களுக்கு மின்னிலக்கக் கடப்பிதழும் வேண்டும். பழைய வண்டியை வாங்குபவர் ஏமாறாமல் இருக்கவும், ஓய்ந்த மின்கலத்தை வேறு பணிக்கு மறுபடி பயன்படுத்தவும் அத்தரவு இன்றியமையாதது.

மூன்று வினைச்சொற்கள்

இப்போது தொடக்கத்தில் ஒத்திவைத்த வினாவுக்கு வருவோம். மொழி மன்றத்தில் மின்கலம் எதற்கு?

அளத்தல், மதிப்பிடல், முன்கணித்தல் என்னும் மூன்று வினைச்சொற்கள் நம்மிடம் உள்ளன. கருவி நேராகத் தொட்டறிவது அளத்தல். அளந்தவற்றிலிருந்து, காணாத இன்றைய நிலையை உய்த்துணர்வது மதிப்பிடல். இன்னும் நிகழாததைச் சொல்வது முன்கணித்தல். மூன்றிலும் நேரும் பிழை ஒரே தன்மையதன்று. ஆனால் அன்றாட வழக்கில் நாம் மூன்றையும் கலந்தே எழுதுகிறோம். மின்கலத்தின் மின்னேற்றம் அளவிடப்பட்டது என்று மாணவர் எழுதினால், அதை மொழிப்பிழை என்று எவரும் திருத்துவதில்லை. ஆனால் அது அறிவியல் பிழை. அந்தப் பிழையிலிருந்துதான் திரையிலுள்ள எண்ணை ஐயமின்றி நம்பும் பழக்கமும் பிறக்கிறது.

ஆசிரியர்கள் வகுப்பறையில் ஓர் எளிய பயிற்சியைச் செய்யலாம். மாணவர்கள் தங்கள் கைப்பேசியில் ஒரே காணொளியை ஒரே ஒளியளவில் ஓடவிட்டு, 100இலிருந்து 90 விழுக்காட்டுக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது, 40இலிருந்து 30க்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துவரட்டும். இரு நேரங்களும் பெரும்பாலும் ஒத்திருக்க மாட்டா. ஏன் ஒத்திருக்கவில்லை என்பதைத் தமிழில் ஒரு பத்தியில் விளக்கச் சொல்லலாம். கொள்ளளவு, மதிப்பீடு, பிழையெல்லை ஆகிய சொற்கள் அப்போது மனப்பாடச் சொற்களாக இல்லாமல் பொருளுடைய சொற்களாகும்.

இன்னொரு கடமையும் நமக்கு உண்டு. நம் அடுக்குமாடி வீடுகளில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த முதியோர் சிலர் இன்றும் வாழ்கின்றனர். அவர்களுள் நடமாட்டத்திற்கு மின்கல வண்டியை நம்பியிருப்போரும் உண்டு. எதை, எங்கே, எவ்வாறு மின்னேற்ற வேண்டும் என்பதையும், ஏன் அவ்வாறு செய்ய வேண்டும் என்பதையும் அவர்களுக்குத் தெளிந்த தமிழில் சொல்லக்கூடியவர் யார்? இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் மாணவர்களே. தாத்தாவிடம் "வைக்காதீர்கள்" என்று மட்டும் சொன்னால் அவர் மறந்துவிடக்கூடும். "உள்ளே இருக்கும் குறை வெளியே தெரியாது தாத்தா, அதனால்தான் வாசலில் வைத்து மின்னேற்ற வேண்டா என்கிறோம்" என்று காரணத்தோடு சொன்னால் அவர் ஏற்பார்.

நாளை காலை கைப்பேசியை எடுக்கும்போது அந்த எண்ணை மீண்டும் பாருங்கள். அதன் பின்னால் ஒரு சிறு கணினி, தான் காணாத ஒன்றைப் பற்றி நொடிதோறும் ஊகித்துத் திருத்திக்கொண்டிருக்கிறது. அந்த ஊகத்தை இன்னும் நேர்மையாகவும் இன்னும் பாதுகாப்பாகவும் ஆக்கும் பணிக்கு வேதியியலும் கணிதமும் கணினியியலும் ஒருங்கே தேவைப்படுகின்றன. அப்பணிக்கு இந்த அரங்கிலிருந்தும் சிலர் செல்ல வேண்டும் என்பது நம் விருப்பம். செல்பவர்கள் தாங்கள் அறிந்ததைத் தமிழிலும் சொல்ல வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.